கூப்பிட்டால் வரும் தண்ணீர்

பிராட்லி வீட்டு அடுப்பங்கரையில் புல் முளைத்த அன்றுதான் ஓரேப்விளையில் எல்லாம் தொடங்கியது என்று சிலர் சொல்வார்கள். அதற்கு முந்தின நாளே கிராஃபோர்டின் தையல் மிஷினைச் சுற்றிக் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது, அதில் காக்கைகள் இறங்கி நின்றன என்று வேறு சிலர் சொல்வார்கள். ஆனால் டக்ளஸுக்குத் தெரிந்ததெல்லாம், பஜாரில் ஒரு வங்கியின் வெளிச்சுவரில் ஏணியைச் சாய்த்து அவன் ஏசி பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து யாரோ "டக்ளஸ்" என்று கூப்பிட்டதும், அவன் "என்ன" என்று திரும்பியதும், அவன் மிதித்திருந்த ஏணிப்படியிலிருந்து தண்ணீர் கொட்டியதும்தான். ஏசி தண்ணீர் என்று முதலில் நினைத்தான். ஆனால் பல வருஷமாக அதே வேலை பார்க்கிறவனுக்கு ஏசி தண்ணீர் எப்படிச் சொட்டும் என்று தெரியும். இது சொட்டவில்லை. ஒரு குடத்தைக் கவிழ்த்த மாதிரி விழுந்தது, கறுப்பாக இருந்தது, பாசி மணத்தது, அந்த ஊரில் ஐஸ் பெட்டிக்குள் மட்டுமே இருக்கிற குளிர்ச்சியோடு இருந்தது. கூப்பிட்டவர் எதற்குக் கூப்பிட்டோம் என்பதையே மறந்து, வழிந்ததை உள்ளங்கையில் ஏந்திக் குடித்துப் பார்த்து, "ஏ, நல்ல தண்ணிடே" என்றார்.

ஓரேப் என்பது வேதத்தில், அதாவது பைபிளில், கன்மலையை அடித்ததும் தண்ணீர் புறப்பட்ட மலை. தேரி என்கிற செம்மணல் மேடுகளின் ஓரத்து ஊருக்கு அந்தப் பெயரை வைத்த மிஷனரி எதை நம்பி வைத்தாரோ தெரியாது. அவர் வெட்டின கிணறு உட்பட எல்லாக் கிணறும் உவர்ப்பு. லாரி வந்தால் தண்ணீர், வராவிட்டால் சண்டை என்று ஊர் நடந்துகொண்டிருந்தது.

அந்த ஊரில் தேவாலயத்தைக் கோயில் என்றும் போதகரை ஐயர் என்றும்தான் சொல்வார்கள். கோயிலுக்குப் பின்னால் முள் அடர்ந்த உடைமரங்களுக்கு நடுவே வெள்ளைக்காரர்களின் கல்லறைகள் இருந்தன. எந்தச் சண்டைக்கோ போகிற வழியில் வாந்திபேதி கண்டு, சண்டையைப் பார்க்காமலே செத்துப்போன சிப்பாய்கள். ஊரில் ஆண்பிள்ளை பிறந்தால், ஞானஸ்நானத்தன்று விடியற்காலையில் தகப்பன் தனியாக அங்கே போய் ஒரு கல்லைத் தேர்ந்து விளக்குமாற்றால் கூட்டுவான். அந்தக் கல்லில் உள்ள பெயர்தான் பிள்ளைக்கு; உயிரோடு ஒருவன் இருக்கிறவரைக்கும் அவன் கல்லை இன்னொருவன் எடுக்க முடியாது. கூட்டின பிறகு தகப்பனே நினைத்தாலும் மாற்ற முடியாது. கற்களில் முதலில் இருந்த பெயர்கள் ஜான், ஜேம்ஸ், தாமஸ் என்று ஏற்கெனவே வேதத்தில் இருந்தபடியால், முன்னோர்கள் இரண்டாவது பெயரை எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது பெயர் செத்த மனிதனுடையது அல்ல, அவன் குடும்பத்துடையது என்பதும், அந்தக் குடும்பம் எப்போதோ குடியிருந்த மேய்ச்சல் வெளியோ ஆற்றுத்துறையோ குன்றோதான் அந்தப் பெயர் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. ஒரு ஊரே, மனிதர்களின் பெயர் என்று நினைத்து, கண்ணால் கண்டிராத இடங்களின் பெயரைத் தன் பிள்ளைகளுக்கு வைத்து, கல்லறைத் திருநாள்தோறும் அவரவர் வெள்ளைக்காரனுக்கு அவரவர் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தது.

பிராட்லியின் மகள்தான் இதைக் கண்டுபிடித்தாள். கோயம்புத்தூரில் படிக்கிறவள், லீவுக்கு வந்திருந்தவள், அடுப்பைச் சுற்றி முழங்கால் உயரம் நின்ற புல்லைப் பார்த்துவிட்டுப் போனில் தேடினாள்.

"அப்பா, உங்க பேருக்கு அகலமான புல்வெளின்னு அர்த்தமாம்."

"நான் இன்சூரன்ஸ் ஏஜெண்டுல்லா?" என்றார் பிராட்லி.

அன்று சாயங்காலத்துக்குள் ஊரில் எல்லார் கையிலும் போன் இருந்தது, எல்லார் வாயிலும் அர்த்தம் இருந்தது. கிராஃபோர்ட் என்றால் காக்கைகள் இறங்கும் ஆற்றுத்துறை. தண்ணீர் வந்தது, ஆனால் காக்கைகள் யாரையும் அதைத் தொட விடவில்லை, தைக்கக் கொடுத்த சட்டையெல்லாம் எச்சம். ஸ்டான்லி என்றால் கல் நிறைந்த வெளி, பி.டி. மாஸ்டர் ஸ்டான்லி விசிலோடு நின்ற இடத்திலெல்லாம் கற்கள் தலை நீட்டின, வீடு கட்டுகிறவர்கள் அவரைத் தங்கள் மனைக்கு வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகச் சொன்னார்கள். ஹார்ட்லி என்றால் கலைமான் மேயும் வெளி. அவனுடைய செல்போன் கடைக்குள் ஒரு மான் வந்து கண்ணாடிப் பெட்டியின் மேல் மூச்சு விட்டுக்கொண்டு நின்றது, வந்தவர்கள் அதன் கொம்பை ஒதுக்கிவிட்டு சார்ஜர் கேட்டார்கள். மெல்வில் என்றால் பொல்லாத ஊர் என்று போன் சொன்னது, வட்டிக்கு விடும் மெல்வில் வீட்டைச் சுற்றி ஆளில்லாத தெருவும் நாய் ஊளையும் வந்துசேர்ந்தன. "இதுக்கு எதுக்குப் போனு? நம்மகிட்ட கேட்டாச் சொல்லியிருப்பமே" என்றார்கள். மரக்கடை ஹாமில்டன், கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிற சேகரக் கமிட்டியின் தலைவர், ஒருநாள் கதவைத் திறந்தபோது தெரு கீழே கிடந்தது. அவர் வீடு, உச்சி தட்டையான ஒரு குன்றின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அங்கே மட்டும் காற்று வந்தது, சிக்னல் முழுசாக வந்தது. அதைக் கர்த்தரின் செயல் என்று அவர் சொன்னார், மறுத்துச் சொல்ல யாருக்கும் அவ்வளவு தூரம் ஏற மனசில்லை.

டக்ளஸ் என்றால் கறுத்த நீரோடை. ஸ்காட்லாந்தில் அப்படி ஒரு ஓடையே இருக்கிறதாம்.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மழை ஏன் பெய்யவில்லை என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஊர் அது. எவ்வளவு, எத்தனை மணிக்கு, யாருக்கு முதலில் என்பதுதான் அதற்குக் கேட்கத் தெரியும். பிராட்லி வீட்டுக்கு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள், அடுப்பங்கரை வழியாக உள்ளே விட்டு வாசல் வழியாகத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். டக்ளஸ் வீட்டுக்குக் குடங்களைக் கொண்டுபோனார்கள்.

ஒரு தடவை கூப்பிட்டால் ஒரு குடம். இழுத்துக் கூப்பிட்டால் குடம் நிரம்பி வழியும். பெரியவர்கள் "ஏ டக்ளசு" என்றார்கள், சின்னவர்கள் "டக்ளஸ் அண்ணே" என்றார்கள், கமிட்டி ஆட்கள் மைக்கில் கூப்பிட்டுப் பார்த்தார்கள், அன்றைக்குத் தெருவில் சேறானதுதான் மிச்சம். எமீமாவுக்குத்தான் தண்ணீர் இல்லை. அவள் அவனுடைய மனைவி. கல்யாணமான நாளிலிருந்து அவனை "ஏங்க" என்றுதான் கூப்பிடுகிறாள், ஏங்க என்பதற்கு எந்த ஓடையும் வராது. வேலிக்கு அந்தப் பக்கம் தங்கபுஷ்பம் அக்காளிடம் போய் நிற்பாள்.

"யக்கா, எங்க வீட்டுக்காரவுக பேரச் செத்தச் சொல்லுங்களேன். உல வைக்கத் தண்ணி இல்ல."

"நீயே சொல்லு பிள்ள. ஒம் மாப்பிள்ளதான?"

"நான் எப்படிக்கா சொல்ல?"

"ஊரே சொல்லுது. நீ சொன்னா மட்டும் நாக்கு அழுகிருமோ?" என்பாள் தங்கபுஷ்பம். பிறகு கழுத்தை நீட்டி, "டக்ளசு, இங்க ரெண்டு குடம், ஒனக்குத்தான், ஒன் சோத்துக்குத்தான்" என்று கூவுவாள். அவன் திரும்புவான்.

திரும்பாமல் இருக்க முயன்று பார்த்தான். பஞ்சை உருட்டிக் காதில் வைத்தான், தலையணையால் பொத்தினான், மனசுக்குள் வேறொரு பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தான். ஆனால் பெயர் காதை மட்டும் நம்பி வருவதில்லை. யாரோ கூப்பிடுகிறார்கள் என்பது முதுகுக்குத் தெரிந்தது, கழுத்து தானாகத் திரும்பியது, காலடி நனைந்தது. சில வாரங்களில் அவன் பாதங்கள் வெளுத்துச் சுருங்கின. வேறொன்றும் நடந்தது. ஓடைக்கு நிற்கத் தெரியாது. அவனுக்கும் நிற்க முடியாமல் போயிற்று. உட்கார்ந்தால் கால்கள் பள்ளமான பக்கத்தைத் தேடின. சாப்பாட்டுத் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்தான், கோயிலில் பிரசங்கத்தின் நடுவே எழுந்து நடந்தான், படுத்தால் அரைத்தூக்கத்தில் சாம்பல் நிற மழையும் கறுத்த பாறையும் வந்தன, அவன் அறியாத அந்த இடம் அவனை ஒரு பக்கம் இழுத்தது, தெருவில் வரிசையாக நின்ற குடங்கள் இன்னொரு பக்கம் இழுத்தன. நாள் முழுக்கத் தன் பெயரையே கேட்டுக் கேட்டு, பொழுது சாயும்போது அது யாருடைய பெயர் என்று யோசிக்க வேண்டியிருந்தது.

ஒருநாள் சொல்லாமல் பஸ் ஏறினான். திருநெல்வேலியில் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்கு ஏசி மாட்டுகிற வேலை, ஒரு வாரம் தங்கிச் செய்யலாம் என்று கூப்பிட்டிருந்தார்கள். பாதி வழியில் போன் அடித்தது. புது நம்பர், எடுத்துவிட்டான்.

"டக்ளஸ், எங்க இருக்க?" ஹாமில்டனின் குரல்.

பஸ்ஸுக்குள் தண்ணீர் சீட்டுக்கடியிலிருந்து எழுந்து படிக்கட்டு வழியாக இறங்கியது. வேகத்தடையில் முன்னால் ஓடியது, மேட்டில் பின்னால் ஓடியது. பெண்கள் சேலையைத் தூக்கிக்கொண்டார்கள். "யோவ், என்னய்யா இது, கவர்மெண்டு வண்டிக்குள்ள?" என்றார் கண்டக்டர். பிறகு குனிந்து முகர்ந்து பார்த்தார், தன்னுடைய பாட்டிலை முக்கி நிரப்பிக்கொண்டார், டிரைவருடைய பாட்டிலையும் வாங்கி நிரப்பினார், அதற்கப்புறம் விசில் அடித்து அவனை இறக்கிவிட்டார்.

நடந்தே திரும்பினான். ஊர் எல்லையில் குடங்களோடு நின்றிருந்தார்கள். யாரும் கோபப்படவில்லை, ஒரு பெண் அவனுக்குக் குடிக்க மோர் கூடக் கொடுத்தாள். அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

மாசி மாதம் எமீமாவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. அதே மாதத்தில் டக்ளஸின் தண்ணீர் இளைத்தது. மூன்று முறை கூப்பிட்டால் ஒரு குடம், பிறகு ஐந்து முறைக்கு அரைக்குடம் என்று ஆனது. கூப்பிடுகிறவர்களின் குரலில் இருந்த மரியாதையும் அதே அளவுக்கு இளைத்தது. ஹாமில்டன் ஆள் அனுப்பினார். டக்ளஸ் குன்றின்மேல் ஏறினான்.

"வா தம்பி, இரி. பேர் சொல்லல, இப்பத்தான் தரை பெருக்கியிருக்கு." ஹாமில்டன் நாற்காலியைத் தள்ளினார். டக்ளஸ் உட்காராமல் சுவரோரமாக நடந்தான். "புள்ள எப்படி இருக்கான்? நல்லது. ஞாயித்துக்கிழம ஞானஸ்நானம். வெல்ஸ்னு ஒரு கல்லு கெடக்கு, உடமரத்துக்குக் கீழ. இன்னைய வரைக்கும் எவனும் எடுக்கல."

"வெல்ஸா?"

"போன்ல பாத்தாச்சு. ஊத்துன்னு அர்த்தம். ஒரு ஊத்துகூட இல்ல, பல ஊத்து."

"பேர் அப்பன்தான பாக்கணும்?"

"நீதான பாக்கப் போற. நாங்க கல்லச் சுத்தம் மட்டும் பண்ணி வச்சிருக்கோம்."

டக்ளஸ் நின்றான். பல மாதங்களுக்குப் பிறகு அவன் கால் ஓரிடத்தில் நின்றது.

"தொட்டில்ல கெடக்குத பிள்ளைய எழுப்பியா தண்ணி புடிப்பிய?"

"மெதுவாத்தான் கூப்புடுவோம்" என்றார் ஹாமில்டன். அவர் பொல்லாதவர் இல்லை. உண்மையாகவே மெதுவாகக் கூப்பிடத்தான் நினைத்திருந்தார். "ஒன் தண்ணி வத்துது தம்பி. கீழ பாரு, எத்தன வீடு. எல்லா வீட்லயும் புள்ளைய இருக்கு. ஒன் புள்ள ஒருத்தன் தூக்கம், அம்புட்டுதான?"

இறங்கி வருகிற வழியெல்லாம் டக்ளஸ் கீழே பார்த்தான். அவர் சொன்னது பொய்யில்லை. எல்லா வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள், எல்லா வீட்டு வாசலிலும் குடம் இருந்தது.

அந்த வாரம் முழுக்க அவனும் எமீமாவும் போனை நடுவில் வைத்துக்கொண்டு மற்றக் கற்களின் அர்த்தத்தைப் பார்த்தார்கள். ஆஷ்டன் என்றால் ஆஷ் மரங்கள் நிற்கும் ஊர். மரக்கடைக்காரர் விடுவாரா? கிளேட்டன் என்றால் களிமண் ஊர். செங்கல் சூளைக்காரர்கள் வந்து நிற்பார்கள். பார்ட்டன் என்றால் பார்லி விளையும் பண்ணை. "அது கஞ்சிக்கு நல்லதுல்லா" என்று எமீமாவே சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நார்ட்டன் என்றால் வெறுமனே வடக்கூர். அதில் என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் ஏதாவது இருக்கும், இருப்பதைக் கேட்டு யாராவது வருவார்கள். எந்தக் கல்லை எடுத்தாலும் அது யாருக்காவது உதவும் என்பதுதான் டக்ளஸின் பயமாக இருந்தது.

"அப்ப மெல்வில் செத்த பெறகு அந்தப் பேர வைப்போம்" என்றாள் எமீமா. "ஒரு பய கிட்ட வரமாட்டான்." இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் பிள்ளை தொட்டிலில் முனகியது. இருவரும் வாசலைப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் அவன் கல்லறைத் தோட்டத்துக்குப் போனான். கோயில் சுவரை ஒட்டிக் குடங்கள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன, காலிக் குடங்கள், வாய் திறந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு. முந்தின நாளே வந்து இடம் பிடித்து வைத்திருந்தார்கள். உடைமரத்துக்குப் போகும் வழியில் முள்ளை வெட்டி ஒதுக்கியிருந்தார்கள். வெல்ஸின் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து, எழுத்துகளில் கறுப்பு மை தடவி, மெழுகுவர்த்தி ஏற்றி, புது விளக்குமாற்றைச் சாத்தி வைத்திருந்தார்கள். குனிந்து இரண்டு இழுப்பு இழுத்தால் போதும், ஒரு ஊர் குளிக்கும்.

அவன் விளக்குமாற்றை எடுத்தான். கைப்பிடி ஈரமாக இருந்தது, அது அவனுடைய கையின் ஈரம். கற்களுக்கு நடுவே நடந்தான். பிராட்லி, ஸ்டான்லி, ஹார்ட்லி. டக்ளஸ் என்று எழுதியிருந்த கல்லைத் தாண்டும்போது வழக்கம்போல அவன் நிற்கவில்லை. அங்கே படுத்திருக்கிறவனை அவன் ஒருநாளும் நினைத்ததில்லை, இப்போது நினைத்தான், கறுத்த ஓடையிலிருந்து புறப்பட்ட குடும்பத்தில் பிறந்து தண்ணீர் இல்லாத மணலில் வாந்திபேதியில் வறண்டு செத்தவன். செத்துக்கொண்டிருந்தபோது அவனை யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள்?

தோட்டத்தின் கடைசியில், தேரிக்காற்று நேராக வந்து மோதுகிற மூலையில், மணலுக்குள் பாதி புதைந்து ஒரு சின்னக் கல் கிடந்தது. கையால் மணலைத் தள்ளினான். கட்டைவிரலால் கல்லின் முகத்தைத் தடவினான். எழுத்து இருந்த இடம் இருந்தது. எழுத்து இல்லை. காற்று அதைத் தின்று வழவழவென்று ஆக்கியிருந்தது. இன்னொரு முறை தடவினான், கவனமாக, ஒரு எழுத்தின் வால்கூட மிஞ்சியிருக்கக் கூடாது என்று. பிறகு எழுந்து நின்று கூட்டினான். சுற்றிலும், மேலும், கீழும், மணல் மறுபடி வந்து மூடாதபடி வெகுநேரம் கூட்டினான்.

வீட்டில் எமீமா பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவன் கூட்டின கல்லைப் பற்றிச் சொன்னதும் அவள் கை நின்றுவிட்டது.

"பேரில்லாத புள்ளைய நான் எப்படிங்க கூப்புடுவேன்?"

"என்ன எப்படிக் கூப்புடுத?"

அவள் சட்டையின் அடுத்த பொத்தானைத் தேடினாள்.

"இத்தன வருசத்துல ஒருநா, நீ கூப்புட்டு நான் வராம இருந்தனா?"

அவள் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு சட்டையின் கடைசிப் பொத்தானைப் போட்டாள்.

கோயில் நிறைந்திருந்தது. ஞானஸ்நானத் தொட்டியில் இருந்ததும் டக்ளஸின் தண்ணீர்தான்; கோயில் பணியாள் காலையில் ஏழு முறை கூப்பிட்டுப் பிடித்தது. ஐயர் பிள்ளையைக் கையில் வாங்கி, "இந்தப் பிள்ளைக்குப் பேரிடுங்கள்" என்றார். டக்ளஸ் வாய் திறக்காமல் தொட்டியைச் சுற்றி நடந்தான்.

"சத்தமாச் சொல்லுங்க, கேக்கல."

"கல்லக் கூட்டியாச்சு ஐயரே. போய்ப் பாத்துக்கோங்க."

முதலில் கமிட்டி எழுந்தது, பிறகு ஆண்கள் பக்கம், பிறகு பெண்கள் பக்கம். பிள்ளையோடு ஐயரும் அங்கி காற்றில் அடிக்கப் பின்னால் போனார். வெல்ஸின் கல்லைச் சுற்றிச் சருகு அப்படியே கிடந்ததைப் பார்த்து ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கூட்டின தடத்தைப் பிடித்துக்கொண்டே கடைசி மூலைக்குப் போனார்கள். ஹாமில்டன் வெள்ளை வேட்டியோடு மணலில் முழங்கால் போட்டார். கல்லைத் தடவினார், ஊதினார், எச்சிலைத் தொட்டுத் தேய்த்தார். ஒருவன் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தான். பிராட்லி சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார்.

"ஒரு பேர் இருந்திருக்கும்லா?" என்றார் ஹாமில்டன், யாரிடமோ.

"இருந்திருக்கும்" என்றார் ஐயர். "கூட்டும்போது இல்லையே."

"இது அக்கிரமம். ஊர் நாவறண்டு கெடக்கு, இவன் வெளையாடுதான்" என்றார் ஹாமில்டன்.

அப்போது, அந்த ஊரில் யாரையும்விட அதிகமாக டக்ளஸின் பெயரைச் சொல்லி அதிகமாகத் தண்ணீர் பிடித்திருந்த தங்கபுஷ்பம், இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "கூட்டுன கல்லு கூட்டுன கல்லுதான். இவன் கல்லு இல்லன்னு சொன்னா, நாளைக்கு ஒம்ம கல்லும் இல்ல, ஒம்ம மலையும் இல்ல. எறங்கி வாரும் கீழ."

ஹாமில்டன் எழுந்து முழங்காலைத் தட்டினார். மணல் போகவில்லை.

ஐயர் கோயிலுக்குத் திரும்பி வந்தார். தொட்டியிலிருந்து கறுத்த தண்ணீரை அள்ளிப் பிள்ளையின் நெற்றியில் விட்டார். ஒரு பெயரைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் வாயைத் திறக்காமல் நின்றார். பிறகு, "பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே" என்றார். ஒன்றும் முளைக்கவில்லை. ஒன்றும் எழும்பவில்லை. எந்தப் பறவையும் வரவில்லை. பிள்ளை குளிர் தாங்காமல் அழுதது, எல்லாப் பிள்ளைகளும் அழுகிற மாதிரி.

ஊர் கோபித்துக்கொண்டது. "ஒன் தண்ணியே வேண்டாம் போ" என்று குடங்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், ஒருவரும் அவனைக் கூப்பிடவில்லை, அந்தக் கோபம் நீடித்த வரைக்கும் டக்ளஸ் தூங்கினான். பாயில் விழுந்தவன், சோற்றுக்கு எழுந்து, மறுபடி விழுந்து தூங்கினான். எமீமா உவர்த் தண்ணீரில் சோறு பொங்கினாள். பிறகு ஒரு குடம் வந்து வேலியோரம் நின்றது, இன்னொன்று வந்தது, சங்கடமான குரலில் "டக்ளஸ்" என்று யாரோ கூப்பிட்டார்கள், அவன் எழுந்து திரும்பினான். வந்த தண்ணீர் குளிக்கக் காணாது, குடிக்கக் காணும். மற்றதற்குக் கமிட்டி, கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்தது, வெகுகாலம் கழித்து ஒரு குழாய் வந்தது, வாரத்தில் சில நாள் அதில் தண்ணீரும் வந்தது.

பிள்ளையை விட்டுவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. "டக்ளஸ் மவனே" என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். டக்ளஸ் திரும்பினான், அவன் காலடிதான் நனைந்தது. பட்டப்பெயர்கள் வைத்தார்கள், ஈரச்சுவரில் ஒட்டின காகிதம் மாதிரி மத்தியானத்துக்குள் உதிர்ந்தன. "ஏல தம்பி" என்றால் தெருவில் இருக்கிற எல்லாத் தம்பிகளும் திரும்பினார்கள், அவன் மட்டும் திரும்பவில்லை. முரட்டுத்தனமாக இல்லை, அது தன்னைச் சேர்ந்த சத்தம் என்று அவனுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அவன் வேண்டுமென்றால் அவன் இருக்கிற இடத்துக்குப் போய், எதிரில் நின்று, முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் வருகை எடுக்கும் டீச்சர் அவன் முறை வரும்போது வாசிப்பதை நிறுத்தித் தலையைத் தூக்கி, அவன் இருக்கிறானா என்று பார்த்தாள். வேறு எந்தப் பிள்ளைக்கும் அவள் தலையைத் தூக்குவதில்லை.

ஒரு சாயங்காலம் பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. தெருவில் தாய்மார்கள் வாசலில் நின்று பிள்ளைகளைக் கூப்பிடத் தொடங்கினார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு இடம் எழுந்தது; இந்த வீட்டு முன்னால் நாணல், அந்த வீட்டு முன்னால் பாறை, தூரத்தில் மணி கட்டின மாடுகள், விளையாட்டை விட்டுவிட்டுப் பையன்கள் தங்கள் தங்கள் ஊர்களை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்கள். தேரி மணல் காலியானது. டக்ளஸ் வழக்கம்போல வீட்டைச் சுற்றி நடந்துகொண்டிருந்தான்.

"ஏங்க, அவன் இன்னும் வரல" என்று எமீமா உள்ளேயிருந்து சொன்னாள். சொல்லிவிட்டு ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு தானே போகப் புறப்பட்டாள்.

"நீ இரி" என்றான் டக்ளஸ்.

செம்மணலில் ஏறினான். அவனை யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. கால் பள்ளத்தைத் தேடாமல் மேட்டில் ஏறியது, ஒரு மேடு தாண்டி இன்னொரு மேடு. எங்கே இருக்கிறான் என்று தெரியாது, குரல் கொடுக்கவும் ஒன்றும் இல்லை. கண்ணை இடுக்கி ஒவ்வொரு பனையடியாகப் பார்த்துக்கொண்டே போனான். கடைசி மேட்டுக்கு அந்தப் பக்கம் பிள்ளை குந்தி உட்கார்ந்து மணலில் எதையோ தோண்டிக்கொண்டிருந்தான். டக்ளஸ் சுற்றிக்கொண்டு போய் அவன் எதிரில் நின்றான். நிழல் விழுந்ததும் பிள்ளை நிமிர்ந்து பார்த்தான், அப்பா என்று கண்டதும் சிரித்து, பக்கத்தில் இருந்த மணலைத் தட்டிக் காட்டினான். டக்ளஸ் உட்கார்ந்தான். ஊருக்குள்ளிருந்து வந்த தடம் முழுக்க, அவன் கால் பதிந்த இடமெல்லாம், மணல் காய்ந்தே கிடந்தது.